விழும் எழுத்துகளும் விளையும் சிந்தனையும்

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று முகம் சுளிப்போர் நம்மில் பலர். கணிப்பொறித் திரையின்முன் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கக் கண்டால், அச்சுளிப்பு சினமாகவே மாறிவிடுகிறது. ஆயினும், எல்லாச் சிரிப்பையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் முறையாகுமா?

ஸ்பெயின் நாட்டு நிரலாளர் ரிக்கார்டோ கபேயோ 2009-ஆம் ஆண்டில் 'கூகுள் கிராவிட்டி' என்றொரு வேடிக்கையை இயற்றினார். கூகுள் தேடுபொறியின் முகப்பைப் போன்ற பக்கம் கண்முன் தோன்றும். சுட்டியைச் சற்றே அசைத்தவுடன், பெயர் எழுத்துகளும் தேடற்பெட்டியும் பொத்தான்களும் பிடிதளர்ந்து, பொலபொலவெனத் திரையின் அடியில் விழுந்து குவியும். அவற்றைப் பிடித்துத் தூக்கலாம், வீசியும் எறியலாம்.

இதில் மாயம் ஏதுமில்லை. நொடியைப் பல நுண்கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் பொருளின் வேகத்தோடு ஈர்ப்பின் பங்கைக் கூட்டி, அவ்வேகத்திற்கேற்ப அதன் இடத்தை மாற்றி, மோதல் நேர்ந்தால் திருப்பியனுப்புகிறது நிரல். எரின் காட்டோ என்பவர் ஆக்கிய 'பாக்ஸ்2டி' என்னும் கணக்கீட்டுப் பொறியே இதற்கு அடித்தளம். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதிகளே இந்தச் சிறு திரையிலும் ஆட்சி புரிகின்றன.

இவ்வேடிக்கையின் நயம் யாது? பக்கத்தை மீண்டும் திறந்தால் யாவும் பழைய நிலையை எய்தும். ஏமாந்தவரே முதலில் சிரிப்பார், இழந்தவர் எவருமிலர்.

இதற்கு மாறான ஒன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2016 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் தன் ஜிமெயிலில் 'மைக் டிராப்' என்றொரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால், ஒலிவாங்கியைக் கீழே போடும் கேலிச்சித்திரம் மடலோடு சேர்ந்து செல்லும். பின்வரும் மறுமொழிகளோ அனுப்பியவரின் கண்ணில் படாமல் ஒதுக்கப்படும். பொறுப்பான அலுவல் மடல்களிலும் அறியாது அதை அழுத்தியோர் முறையிட்டனர். அன்றைய தினமே நிறுவனம் அதை நீக்கி, மன்னிப்பும் கோரியது. அனுப்பிய மடலைப் பழைய நிலைக்குக் கொணர்வது எங்ஙனம்?

இரண்டும் வேடிக்கைகளே. ஒன்று, பிறர் வியப்பில் மகிழ்ந்தது. மற்றது, பிறர் அலுவலில் கைவைத்தது. மீட்க இயலாத கேலி விளையாட்டன்று என்பதைப் பிள்ளைகள் இல்லத்திலேயே கற்கட்டும்.

பெற்றோரே, திரையை அணைப்பதற்குமுன் அருகில் சற்று அமருங்கள். "இது ஏன் விழுகிறது?" என்று வினவுங்கள். நோபல் பரிசாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் இயற்பியல் மாதிரிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கே பீரங்கிக் குண்டை ஏவி, ஈர்ப்பைக் கூட்டியும் குறைத்தும், காற்றின் தடையை நீக்கியும் விளைவைக் காணலாம். சிரித்த பிள்ளை சிந்திக்கவும் தொடங்குமாயின், அப்பொழுது வீண்பொழுதாகுமோ?