உடைந்த கையின் வலி மூளைக்கு எட்டாமல் நிற்பது எப்படி?

குழந்தை கையை ஊன்றி விழும்போது அடிக்கடி முறியும் இடங்களில் ஒன்று முழங்கைக்குச் சற்று மேலே. மலைக் கிராமமான கொட்டச்சேட்டின் மரத்தடியானாலும் சேலத்து மாடிப்படியானாலும் இதுவே கதை.

முறிந்த இடத்திலிருந்து கிளம்பும் செய்தி நரம்பு வழியே மூளையை எட்டிய பிறகுதான் வலிக்கிறது. காப்பித் தோட்டத்தில் வரிசையாக நின்று மூட்டையைக் கைமாற்றுவார்கள் அல்லவா? நரம்பின் ஒவ்வொரு பகுதியும் அப்படித்தான் செய்தியை அடுத்த பகுதிக்குத் தருகிறது. நடுவில் சிலர் கையைக் கட்டிக்கொண்டால்? மூட்டை அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் கைமாற்றத்துக்கு நரம்பிலுள்ள நுண்ணிய வாசல்கள் வழியே சோடியம் உள்ளே நுழைய வேண்டும். அறுவைக்காகத் தோள்பட்டை அருகே ஊசியில் செலுத்தப்படும் புபிவாக்கேயின் போன்ற மருந்து அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை ஸ்கேன் திரை காட்டும். குழந்தை அசையக் கூடாது என்பதால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பின்பே இந்த ஊசி. பலன் பல மணி நேரம் நீடிக்கும். மார்ஃபின் போன்ற வலிநீக்கி மருந்துகளின் தேவையும், அவற்றால் வரும் வாந்தியும் குறையும்.

ஆனால், கவனம் மிக அவசியம். முறிந்த கையின் தசைக்குள் அழுத்தம் கூடினால் முதலில் எச்சரிப்பது கடும் வலி. மரத்த கையில் அந்த எச்சரிக்கை மறையலாம். அதனால்தான் அறுவைக்குப் பின் விரல்களை அடிக்கடி சோதிக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு விரல் வெளுத்தாலோ, நீட்டும்போது தாங்க முடியாமல் வலித்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.