குரல் அடங்கிய பின்

மனச்சிதைவு நோய் பற்றியவருக்கு இல்லாத குரல்கள் கேட்கும். எவரோ தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாகத் தோன்றும். 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர்களான ழான் தெலேயும் பியேர் தெனிக்கேரும் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தால் இக்குறிகள் தணியக் கண்டனர்.

குரல் அடங்கியதும் நோய் தீர்ந்ததா? பலருக்குத் தீரவில்லை. பேச விருப்பமில்லை, குளிக்க மனமில்லை, பெற்ற மகள் வந்து நின்றாலும் முகத்தில் மலர்ச்சியில்லை. வீட்டார் இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்வர். அன்று, இதுவும் நோயின் ஒரு கூறே. இம்மந்த நிலைக்காகவும், சிலரைத் தற்கொலை வரை இட்டுச் செல்லும் சோர்வுக்காகவும், மனச்சோர்வு நீக்கும் மருந்தொன்றையும் மருத்துவர் உடன் சேர்ப்பதுண்டு.

இவ்வின மருந்தின் வரலாறு விந்தையானது. சுவிட்சர்லாந்தில் ரோலண்டு கூன் என்பார் இமிப்ரமினை முதலில் மனச்சிதைவுற்றோருக்கே கொடுத்துப் பார்த்தார். பயனில்லை, சிலர் கிளர்ச்சியுற்றனர். மனச்சோர்வுற்றோருக்கோ அது நன்கு உதவிற்று. 1957-இல் அதனை வெளியிட்டார். எனினும், நோயைக் கிளறிவிடுமோ என்ற அச்சம் நெடுநாள் நின்றது. 3,608 பேரை உட்கொண்ட 82 ஆய்வுகளை 2016-இல் ஒருங்கே நோக்கியபோது, அடிப்படை மருந்தோடு சேர்த்துத் தந்தால் அவ்வச்சத்திற்கு இடமில்லை எனத் தெரிந்தது. பயன் உண்டு; ஆனால் சிறிதே.

எதனை எதனோடு சேர்ப்பது என்பதிலும் கருத்து வேண்டும். குளோசபின் உண்பவருக்கு ஃபுளூவாக்சமினைச் சேர்த்தால், கல்லீரல் குளோசபினைச் சிதைக்கும் வேலை தடைப்படும், குருதியில் அதன் அளவு பன்மடங்கு ஏறும், வலிப்பும் வரலாம்.