முட்டைக்குள் ஆறு எண்கள்

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் மழைக்காலத்து மாலையில் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் ஒவ்வொன்றாக மறையும். அப்படி ஒரு மாலையில் அக்கா மகன் வாசற்படியில் உட்கார்ந்து நிண்டெண்டோவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரே பாதையில் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். பந்தயமும் இல்லை, எதிரியும் இல்லை.

"என்னடா பண்றே?"

"முட்டை பொரிக்க வைக்கிறேன் மாமா. இன்னும் நாலாயிரம் அடி போகணும்."

அவன் ஆடிக்கொண்டிருந்த பொக்கிமான் விளையாட்டு முதன்முதலில் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கிய சத்தோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். 1999இல் வந்த கோல்ட், சில்வர் பதிப்புகளில்தான் முட்டை சேர்ந்தது. ஆணையும் பெண்ணையும் காப்பகத்தில் விட்டால் முட்டை கிடைக்கும். நடந்தால்தான் பொரியும். பல இனங்களுக்கு 5,120 காலடி ஆகும். நெருப்பு உடம்புள்ள பொக்கிமான் ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டால் பாதி நடை போதும். அடைகாக்கும் கோழியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூட்டின் கணக்கு புரியும்.

விஷயம் முட்டைக்குள் இருக்கிறது. உயிர்வலு, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஒவ்வொரு குட்டிக்கும் ஆறு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆறும் தற்செயலாக 31 ஆக விழ வேண்டுமென்றால் 107 கோடியில் ஒரு வாய்ப்புதான். ஆனால் குட்டி சில எண்களைத் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அப்படியே வாங்கிக்கொள்ளும். சாதாரணமாக மூன்று எண்கள் வரும். டெஸ்டினி நாட் என்ற சிவப்புக் கயிற்றைப் பெற்றோரில் ஒருவரிடம் கொடுத்தால் ஐந்து வரும். இரண்டு பேருக்கும் ஆறும் 31 என்றால், ஐந்து உறுதி, ஆறாவதற்கு மட்டும் அதிர்ஷ்டம் வேண்டும். 107 கோடியில் ஒன்று, 32இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுப்பதற்கு எவ்வளவு பலம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

இவ்வளவு பாடும் எதற்கு? 2009 முதல் இந்த விளையாட்டுக்கு உலகப் போட்டி நடக்கிறது. முதல் போட்டி சான் டியேகோவில். போட்டியில் எல்லாரும் 50ஆம் நிலையில் மோதுகிறார்கள். அங்கே 0க்கும் 31க்கும் உள்ள வித்தியாசம் 15, 16 புள்ளிதான். ஆனால் வேகத்தில் ஒரே ஒரு புள்ளி கூடினாலும் முதல் அடி உங்களுடையது. இதில் என்னை அசத்தியது வேறொன்று. மெதுவானது முந்தும்படி சில சுற்றுகளுக்கு ஆட்டத்தையே தலைகீழாக்கும் வித்தை ஒன்று உண்டு. அதை நம்பி ஆடுபவர்கள் வேகம் 0 உள்ள குட்டியைத் தேடித்தேடி வளர்க்கிறார்கள். நல்ல குணம், கெட்ட குணம் என்று தனியாக எதுவும் இல்லை, களம்தான் தீர்மானிக்கிறது. டார்வினும் இதைத்தான் சொன்னார்.

இன்னொரு விதி. போதிய நிலைக்கு வளர்ந்த பொக்கிமானுக்குத் தங்கமூடி என்ற பொருளைக் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினால் குறைந்த எண்களும் 31க்குச் சமமாக வேலை செய்யும். ஆனால் அந்த மெருகு குட்டிக்குப் போகாது. பிறவி எண் மட்டுமே போகும். இதற்குச் சாட்சி எங்கள் மலையிலேயே நிற்கிறது. கவாத்து வெட்டி வெட்டித் தேயிலைச் செடியை இடுப்பளவிலேயே வைத்திருக்கிறோம். எத்தனை ஆண்டு வெட்டினாலும் அதன் விதை குட்டைச் செடியாகப் பிறப்பதில்லை. வெட்டாமல் விட்டால் அது மரமாகவே வளரும். பெற்றோர் கற்ற சில வித்தைகள் மட்டும் விளையாட்டில் முட்டை வழியாகக் குட்டிக்கு வந்துவிடுகின்றன. வாழ்நாளில் பெற்றது வாரிசுக்கும் போகும் என்று நம்பிய லமார்க் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் ஒரு பெரிய உண்மையை விளையாட்டு விட்டுவிட்டது. அண்ணன் தங்கையைச் சேர்த்தாலும் தாயையும் மகனையும் சேர்த்தாலும் அங்கே ஒரு குறையும் வராது. நிஜத்தில் அப்படிச் செய்தால் மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரும். தேயிலைப் பூவை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள் கேசரங்கள், மெல்லிய வாசனை. இந்த ஆபத்தைத் தவிர்ப்பதுபோல, அந்தப் பூ தன் சொந்த மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. மகரந்தக் குழாய் சூலகம் வரை வளர்ந்து வந்தாலும் கரு தங்காது. வேறொரு செடியின் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவர வேண்டும். அதனால்தான் விதைபோட்டு வளர்த்த தோட்டத்தில் எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று முந்தித் துளிர்க்கும், ஒன்று குளிரைத் தாங்கும், ஒன்றின் கொழுந்து மணக்கும்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் தேயிலையை விதையிலிருந்துதான் வளர்த்தார்கள். பிறகு, ஓர் இலையும் சிறு தண்டுமாக நறுக்கி மண்பையில் நட்டு, ஒரே செடியை லட்சமாக்கும் முறை பரவியது. இலங்கையின் டி.ஆர்.ஐ. 2025, தென்னிந்தியாவின் உபாசி 9 எல்லாம் அப்படிப் பெருக்கப்பட்ட ரகங்கள். அக்கா மகன் நூறு முட்டை பொரித்துத் தேடும் பலனை, இங்கே ஒரு கத்தி வெட்டில் எடுத்துவிடுகிறார்கள். விளைச்சல் கூடும், கொழுந்து சீராக வரும். ஆனால் அத்தனையும் ஒரே செடி. ஒன்றைச் சாய்க்கும் நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

அப்போது வேறு குணமுள்ள செடியை எங்கே தேடுவது? பழைய விதைச்செடிகளிடம்தான் போக வேண்டும். ஒட்டுமொத்தமாகப் பிடுங்கி மறுநடவு செய்கிற தோட்டக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரே சீராக இல்லாமல் துளிர்க்கும் அந்தப் பழைய வரிசைகளில் சிலவற்றையாவது விட்டுவையுங்கள்.