தச்சர் வீட்டு ஜாடை

(திருக்குடும்பத் திருவிழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: லூக்கா 2:41-52)



ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பிள்ளை யார் ஜாடை என்றுதான். மூக்கு அப்பாவைப் போல, நெற்றி பாட்டியைப் போல என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால், தத்தெடுத்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பதில் சொல்லவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவர் தவிப்பார். விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ சொல்வார். பிள்ளை வளர்ந்த பிறகும் திருமண வீடுகளில் அந்தக் கிசுகிசுப்பு ஓய்வதில்லை.

திருக்குடும்பத் திருவிழாவாகிய இன்று, இந்தக் கேள்வியை நாசரேத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்வோம். நாம் குடிலில் வைத்து வணங்கும் அந்தக் குடும்பமும் இரத்த உறவால் மட்டும் அமைந்த குடும்பம் அல்ல.

பெயரிட்டவர் தந்தை

மத்தேயு நற்செய்தி நீண்ட மூதாதையர் பட்டியலோடு தொடங்குகிறது. ஆபிரகாம் முதல் இயேசு வரை, 14 தலைமுறைகள் வீதம் மூன்று பகுதிகள். ஒவ்வொரு தந்தைக்கும் அடுத்து அவர் பெற்ற மகனின் பெயர் வருகிறது. யோசேப்பிடம் வந்ததும் நடை மாறுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார் என்று மத்தேயு எழுதவில்லை. அவரை மரியாவின் கணவர் என்று குறிப்பிட்டு, அந்த மரியாவிடமிருந்து இயேசு பிறந்தார் என்கிறார்.

அப்படியானால் இத்தனை பெயர்களை எழுதியது எதற்காக? தாவீதின் மரபுரிமை யோசேப்பின் வழியாகவே இயேசுவுக்கு வருகிறது என்று காட்டத்தான். கனவில் வந்த வானதூதர், குழந்தைக்குப் பெயரிடும் பொறுப்பை யோசேப்பிடம் ஒப்படைக்கிறார். யூதர்களிடையே தந்தை பெயரிடுவது, இது என் பிள்ளை என்று ஊரறிய ஏற்றுக்கொள்வதாகும். யோசேப்பு பெயரிட்டார். அன்று முதல் இயேசு சட்டப்படி அவருடைய மகன். ஆகவே தாவீதின் மகன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று புனித யோசேப்பைப் பற்றி ஒரு திருத்தூது மடலை வெளியிட்டார். ஒரு பிள்ளை உலகுக்கு வந்ததால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை, அந்தப் பிள்ளையின் வாழ்வுக்குப் பொறுப்பேற்கும்போதே தந்தையாகிறார் என்பது அம்மடலின் முக்கியமான கருத்து.

சேர்ந்து செய்ததில் வளர்ந்த உறவு

பெயரிட்டதோடு யோசேப்பின் பணி முடிந்துவிடவில்லை. இன்றைய நற்செய்தியைக் கவனியுங்கள். அந்தக் குடும்பம் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போய்வந்தது. நாசரேத்திலிருந்து எருசலேம் 100 கிலோமீட்டருக்கு மேல். உறவினரும் ஊராரும் சேர்ந்து பல நாள் நடந்துபோகும் பயணம் அது. வேளாங்கண்ணிக்குக் குடும்பமாக நடந்துபோனவர்களுக்கு இது புரியும். கால் வலிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொள்வதும், வழியில் சேர்ந்து சாப்பிடுவதும், பாடிக்கொண்டே நடப்பதும் பிள்ளையின் நினைவில் ஊறிவிடும்.

பாஸ்கா உணவிலும் இதே வழிமுறைதான். இந்தச் சடங்கின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது, எகிப்திலிருந்து ஆண்டவர் விடுவித்த வரலாற்றைப் பெற்றோர் சொல்ல வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. மரபு என்பது பெட்டியில் பூட்டிவைத்து ஒருநாள் எடுத்துக் கொடுக்கும் பொருள் அல்ல. பெரியவர்கள் செய்ய, பிள்ளை பார்த்து, கேட்டு, தானும் சேர்ந்து செய்வதில்தான் அது கைமாறுகிறது.

பட்டறையை எடுத்துக்கொள்வோம். மத்தேயு நற்செய்தியில் ஊரார் இயேசுவைத் தச்சரின் மகன் என்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் அவரையே தச்சர் என்கிறார்கள். அதாவது யோசேப்பின் தொழில் மகனின் கைக்கு வந்திருக்கிறது. இயேசுவின் பேச்சையும் கவனியுங்கள். பிறர் கண்ணிலுள்ள துரும்பையும் தன் கண்ணிலுள்ள மரக்கட்டையையும் பற்றிச் சொல்கிறார். பாறைமீது அடித்தளமிட்ட வீட்டைப் பற்றிச் சொல்கிறார். கழுத்தை அழுத்தாத நுகத்தைப் பற்றிச் சொல்கிறார். இழைப்புளியின் தூசு படிந்த சொற்கள் இவை. முகத்தில் யோசேப்பின் ஜாடை இருந்திருக்க வழியில்லை. பேச்சிலும் கைப்பழக்கத்திலும் அந்தத் தச்சர் வீட்டு ஜாடை இருந்தது. ஊரார் அவரைத் தச்சரின் மகன் என்று ஏளனமாகத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்தே யோசேப்புக்குச் சான்றிதழ் வந்துவிட்டது.

உண்மையை மறைக்காத வீடு

இன்றைய நற்செய்தியில் நம்மைச் சிந்திக்க வைக்கும் கட்டம் இன்னொன்று. மூன்றாம் நாள் மகனைக் கோவிலில் கண்டபோது, உன் தந்தையும் நானும் உன்னைத் தேடினோமே என்கிறார் மரியா. மகனோ, நான் என் தந்தையின் இல்லத்தில் இருக்க வேண்டாமா என்கிறார். ஒரே உரையாடலில் தந்தை என்ற சொல் இரண்டு பேரைக் குறிக்கிறது. பன்னிரண்டு வயதிலேயே தம் பிறப்பின் உண்மையை அவர் அறிந்திருந்தார். யோசேப்பு அங்கேதான் நிற்கிறார். இத்தனை ஆண்டு வளர்த்த என்னை மறந்தாயா என்று அவர் கேட்கவில்லை. மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குப் பணிந்து நடந்தார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தத்தெடுத்த செய்தியைப் பிள்ளையிடம் மறைத்தே வைக்கிறோம். தெரிந்தால் நம்மை விட்டுப் போய்விடும் என்ற பயம். ஆனால் ஊர் வாயை மூட முடியாது. பெற்றோர் சொல்லாததை ஒரு சண்டையிலோ, சொத்துத் தகராறிலோ வேறொருவர் சொல்லிவிடுவார். அப்போது பிள்ளையைப் புண்படுத்துவது தத்தெடுக்கப்பட்ட செய்தி அல்ல, இத்தனை காலம் ஏமாற்றப்பட்டோமே என்ற எண்ணம்தான். ஆகவே சிறு வயதிலேயே, கதை சொல்வதுபோல், தாயின் மடியிலேயே அந்த உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. நீ வருவதற்காகச் செபித்தோம், உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் இப்படி மகிழ்ந்தோம் என்று சொல்லலாம். என்னைப் பெற்றவர் யார் என்று ஒருநாள் பிள்ளை கேட்டால், அது நன்றிகெட்ட கேள்வி அல்ல. யோசேப்பைப் போல் அமைதியாக அருகில் நிற்போம். பெற்ற தாயைப் பற்றி ஓர் இழிசொல்லும் அந்த வீட்டில் எழ வேண்டாம். பிள்ளையின் மரபில் அவருக்கும் பங்கு உண்டு.

நாம் எல்லாரும் தத்துப்பிள்ளைகள்

இயேசு பிறந்தபோது ஆட்சிசெய்த அகுஸ்து சீசரே ஒரு தத்துப்பிள்ளை. யூலியு சீசர் தம் உயிலில் அவரை மகனாக ஏற்றிருந்தார். அகுஸ்துவும் கி.பி. 4ஆம் ஆண்டில் திபேரியுவைத் தத்தெடுத்தார். உரோமைச் சட்டத்தில் தத்து மகனுக்குத் தந்தையின் பெயரும் சொத்துரிமையும் முழுமையாக வந்தன. அந்தச் சட்டம் தெரிந்த மக்களுக்குத்தான் பவுல் எழுதினார். பழைய விவிலியத் தமிழில் புத்திர சுவிகாரம் என்று படித்தோமே, அதுதான் இது. இயல்பால் இறைமகன் ஒருவரே. நாம் அனைவரும் திருமுழுக்கில் பிள்ளைகளாக ஏற்கப்பட்டவர்கள். அப்படியிருக்க, கோவிலில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையா, தத்துப்பிள்ளையா என்று பிரித்துப் பார்க்க நமக்கு என்ன உரிமை?

சட்டத்தின்படி தத்தெடுக்கப்பட்டவர்கள், தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதப்படுவார்கள் என்று திருஅவைச் சட்டத்தின் 110ஆம் பிரிவும் சொல்கிறது.

நாட்டின் சட்டம் இந்த இடத்துக்கு வர வெகுகாலம் ஆனது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டுமே. கிறிஸ்தவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலர் ஆகலாம், அவ்வளவுதான். பிள்ளை சட்டப்படி பெரியவரானதும் அந்த உறவு சட்டத்தின் பார்வையில் முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. எந்த மதத்தவரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போது நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் எல்லா உரிமைகளும் உண்டு.

தத்தெடுக்க விரும்புவோர் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தருவார். தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். அந்த வேளையில்தான் சோதனை வருகிறது. தெரிந்த மருத்துவமனையில் ஒரு குழந்தை இருக்கிறது, பணம் கொடுத்தால் போதும் என்று யாராவது வருவார்கள். அது குற்றம்; ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. குழந்தையை விலைக்கு வாங்கி அன்பைத் தொடங்க முடியாது. கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்வோம்.

வீட்டுக்கும் பங்குக்கும்

இந்த வாரம் நம்மால் ஆவதைச் செய்வோம். மாலைச் செபத்தில் ஒரு மணியைச் சொல்லும் முறை பிள்ளைக்கும் வரட்டும். தாத்தா தம் தொழிற்கருவியைப் பேரன் கையில் கொடுத்துப் பழக்கட்டும். பாட்டி பலகாரம் சுடும்போது பேத்தியும் மாவு பிசையட்டும். கல்லறைத் திருநாளில், இவர் உன் கொள்ளுத்தாத்தா என்று சொல்லி, மெழுகுவர்த்தியைப் பிள்ளையின் கையாலேயே ஏற்றச் செய்வோம். நம் பங்கில் தத்தெடுத்த குடும்பம் இருந்தால், பாவம் என்று இரக்கப்படவோ, புண்ணியவான்கள் என்று புகழவோ வேண்டாம். மற்றக் குடும்பங்களைப் போலவே நடத்துவோம்.

இனி ஒரு குழந்தையைப் பார்க்கப் போகும்போது யார் ஜாடை என்று கேட்காமல், பெயர் என்ன என்று கேட்போம். யோசேப்பு தந்தையானது ஒரு பெயரிலிருந்துதானே தொடங்கியது.

இறைவா, பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோரையும், வீட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும், தம் குழந்தையைப் பிரிந்த தாய்மாரையும் நினைவுகூர்ந்தருளும். நாசரேத்து வீட்டின் அமைதியை எங்கள் வீடுகளுக்கும் தாரும். ஆமென்.