காணி பார்க்கப் போகும்போது அயலையும் பாருங்கள்

கிளிநொச்சியில் வீடு வாங்குவது என்றால் முதலில் காணி வாங்குவதுதான். வீட்டைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம், ஓர் அறை கூட்டிக் கட்டலாம். வாசல் ஒழுங்கையையும் பக்கத்து வளவையும் எங்களால் மாற்ற முடியாது. இருந்தும் எங்கள் குடும்பங்களில் காணி பார்க்கப் போவது யார்? தகப்பன், தாய்மாமன், தரகர். உறுதி எழுதுகிற கிழமையில்தான் வீட்டுப் பெண் அந்தக் காணியைக் காண்கிறாள். பகலும் இரவும் அங்கே இருக்கப்போகிறவள் அவள். மகளுக்குச் சீதனக் காணி பார்க்கும்போதும் இதே கதைதான். ஆகவே, விலை பேசுவதற்கு முன்பே பெண்களும் போய்ப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. எங்கள் மாதர் சங்கப் பெண்கள் பலருடன் காணி பார்க்கப் போய் வந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2009இற்குப் பின் மீள்குடியேறிய எங்கள் ஊர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. எல்லா வீடுகளும் ஏறத்தாழ ஒரே அளவு, 550 சதுர அடி. அதே வீடு ஓர் ஊரில் மாவும் தென்னையும் வைத்து, பிள்ளைகள் விளையாடும் முற்றத்தோடு இருக்கிறது. இன்னோர் ஊரில் பூட்டிக் கிடக்கிறது. கல்லும் சீமெந்தும் ஒன்றுதான். பள்ளிக்கூடம், தண்ணீர், பஸ், அயல் ஆகியவைதான் வேறு.

கூப்பிடு தூரம்

கிளிநொச்சி நகரம் 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கியது. வயலுக்கும் மேட்டுக்காணிக்கும் ஏக்கர் கணக்கில் பிரித்துக் கொடுத்தபடியால் இங்கே வளவுகள் பெரியவை, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். யாழ்ப்பாணத்து ஒழுங்கை போல வேலிக்கு மேலால் கதைக்க முடியாது. பெரிய காணி கிடைக்கிறதே என்று ஆண்கள் சந்தோஷப்படுவார்கள். கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் பெண்ணோ வேறொன்றைப் பார்க்கவேண்டும். இரவில் பாம்பு கடித்தால், பிள்ளைக்கு வலிப்பு வந்தால், படலையில் யாரோ நின்றால், நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள் இருக்கிறதா? காட்டோரத்தில் இரண்டு ஏக்கரை விட, நாலு வீட்டுக்கு நடுவில் நாலு பரப்பு அவளுக்கு மேலானது. காட்டோரமென்றால் யானைப் பயமும் உண்டு.

அயல் எப்படி என்று விசாரிக்கச் சொன்னால், "எந்த ஊர் ஆக்கள், என்ன ஆக்கள்" என்றுதான் எங்களில் பலர் கேட்கிறோம். கிளிநொச்சியில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். குடியேற்றத்துக்கு வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள், போரில் பலமுறை இடம்பெயர்ந்து வந்தவர்கள். இதில் ஆளை ஆள் விசாரித்து என்ன பயன்? கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூடுகிறதா? முன்பள்ளி நடக்கிறதா? கசிப்புக் காய்ச்சுகிற இடம் அருகில் உண்டா? ரியூசன் முடிந்து பெண்பிள்ளை சைக்கிளில் வருகிற வழியில் வெளிச்சம் உண்டா? இவற்றைத் தரகர் சொல்லமாட்டார். முன்பள்ளி ஆசிரியையும் குடும்பநல உத்தியோகத்தரும் கடைக்காரப் பெண்ணும் சொல்வார்கள். பகலில் ஒருமுறையும், மாலை ஆறரை மணிக்கு ஒருமுறையும் போங்கள். ஒழுங்கை இரண்டு நேரமும் ஒன்றாக இராது.

தண்ணீரைப் பார்க்கும் காலம்

காணியை மாரியிலும் பார்க்கவேண்டும், கோடையிலும் பார்க்கவேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட இரவை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு வெளியேறினார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் அந்த வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேளுங்கள். கையைக் காட்டியே சொல்வார்கள்.

கோடையில் கிணற்றைப் பாருங்கள். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது பக்கத்துக் கிணறுகளும் ஊறி நிற்கும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். வாய்க்கால் நின்றபின் ஆவணி, புரட்டாதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. பூநகரிப் பக்கம் போகிறவர்கள் தண்ணீரை வாயில் விட்டு உவர் பாருங்கள். தண்ணீர் தள்ளிப் போனால் குடம் தூக்குவது பெண்ணும் பிள்ளையும்தான்.

பளை, முகமாலைப் பக்கம் காணி பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்கவேண்டும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்தது. குறிப்பிட்ட அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடமும் மாவட்டச் செயலகத்திலும் உறுதிப்படுத்தாமல் மண்வெட்டி போடவேண்டாம்.

பள்ளிக்கூடமும் வாக்காளர் பட்டியலும்

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு அருகில் வசிப்பதற்குப் புள்ளி உண்டு. அதற்குக் காணி ஆவணமும், அந்த முகவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த ஆண்டுகளும் பார்க்கப்படும். பிள்ளை நாலு வயதாகும்போது யோசித்தால் பிந்திவிடும். குடிவந்த ஆண்டிலேயே பெயரைப் பதியுங்கள். ஏ9 வீதியையும் ரயில் பாதையையும் கடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டுமா என்பதையும் பாருங்கள். காவலாளி இல்லாத கடவையைச் சிறுபிள்ளை தினமும் கடப்பது சிறிய விஷயமல்ல.

பத்திரம் யார் பெயரில்?

இங்கே காணியில் பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்ட காணியை வெளியாளுக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியைக் கைமாற்றுவதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். அனுமதி இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கொடுத்த ஒரு தாயின் தாலிக்கொடி அடைவு கடையிலேயே போய்விட்டது. காணியும் கிடைக்கவில்லை.

உறுதிக்காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யுங்கள். உரித்தாளர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் செல்லுபடியானதா என்று உங்கள் நொத்தாரிசைப் பார்க்கச் சொல்லுங்கள், விற்பவரின் நொத்தாரிசை அல்ல. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. வாய்க்கால், வீதி ஒதுக்குநிலமும் வன இலாகா எல்லையும் காணிக்குள் வருகிறதா என்பதை நில அளவைப் படத்தில் பாருங்கள்.

கடைசியாக, காணி யார் பெயரில் எழுதப்படுகிறது? அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பெயர் குறிக்கப்படாத இடத்தில் மகனுக்கு முன்னுரிமை கொடுத்த பின்னுரித்து முறை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டது. மகளும் இப்போது சமமாக நிற்கிறாள். சட்டம் மாறிவிட்டது, வீட்டில் நாங்கள் மாறினோமா? நகையை விற்று, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கும் காணியில் மனைவியின் பெயரும் இருக்கவேண்டும் என்று கேட்பது சண்டை அல்ல. ஆண் துணை இல்லாமல் போன நாளில் வீட்டை இழந்து நின்ற பெண்களை இந்த மாவட்டம் நிறையக் கண்டுவிட்டது. உறுதி எழுதுகிற மேசைக்கு நீங்களும் போங்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காததைத் திரும்பவும் கேளுங்கள். பிறகு கையெழுத்து வையுங்கள்.