வண்டிக்கு ஆள் அன்று, ஆளுக்கு வண்டி!

காலுக்குச் செருப்பு வாங்கும்போது போட்டுப் பார்த்து வாங்குகிறோம். சட்டை தைக்கும்போது தையற்காரரிடம் அளவு கொடுக்கிறோம். ஆனால், பிள்ளைகள் நாள்தோறும் மைல் கணக்கில் மிதிக்கும் சைக்கிளை மட்டும் கடையிலிருந்து எவ்வாறு வந்ததோ அவ்வாறே ஓட்டக் கொடுத்துவிடுகிறோம். வாப்பா ஓட்டியது மகனுக்கு. அண்ணன் ஓட்டியது தம்பிக்கு. ஆள் மாறுகிறார், சீட்டின் உயரம் மட்டும் மாறுவதில்லை.

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா சைக்கிளையும் எண்ணிப் பாருங்கள். வகுப்பில் நெட்டையானவரும் உண்டு, குட்டையானவரும் உண்டு. வண்டிகளோ ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. அவற்றை அவரவர்க்குத் தக்கபடி அமைத்துக் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பாகும்.

அன்புப் பெற்றோர்களே! "முழங்கால் வலிக்கிறது, இன்று சைக்கிள் வேண்டாம்" என்று பிள்ளை கூறினால், படிப்புக்குச் சொல்லும் சாக்கு என்று கடிந்துகொள்ளாதீர்கள். வலி எங்கே என்று கேளுங்கள். முழங்காலின் முன்புறத்தில் வலி என்றால் சீட் தாழ்ந்திருக்கலாம். பின்புறத்தில் வலி என்றால் சீட் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கலாம். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் அரை மணி நேரத்தில் 1,800 சுற்றுகள் ஆகின்றன. சீட் தாழ்ந்திருந்தால் அத்தனை முறையும் முழங்கால் மிகுதியாக மடங்கி, சில்லின்மேல் அழுத்தம் ஏறுகிறது. இதற்கு மருந்து தைலப் புட்டியில் இல்லை, ஸ்பேனரில் இருக்கிறது.

சைக்கிளின் வரலாறும் இதனையே கூறுகிறது. முன்சக்கரம் ஆளுயரத்திற்கு இருந்த பழைய காலத்து வண்டிகளில், பெடல்கள் அச்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஆகவே ஓட்டுபவரின் கால் நீளத்தை அளந்தே சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தனர். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளை வெளியிட்டார். செயின் பூட்டிய அவ்வகை வண்டிகள் பரவிய பின்னர், சக்கரத்தை மாற்றாமலே சீட்டை ஏற்றி இறக்கிப் பலரும் ஓட்ட வழி பிறந்தது. அந்த வசதியைத்தான் நாம் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம்.

சீட்டின் உயரம்

பிள்ளை வழக்கமாக அணியும் செருப்புடன், சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமரட்டும். ஒரு பெடலை அடிமட்டத்திற்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்கச் செய்யுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. பின்னர்ப் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்கும். மிதிக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டைச் சற்றே இறக்குங்கள்.

கணக்கு விரும்புவோர்க்கு மற்றொரு வழி உண்டு. தொடையிடுக்கிலிருந்து தரைவரை கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சீட்டின் மேற்பரப்பிலிருந்து, மிகத் தொலைவில் நிற்கும் பெடல் வரையுள்ள தூரம் அந்நீளத்தில் 109 விழுக்காடு இருந்தால் ஆற்றல் மிகுதியாக வெளிப்படும் என்று ஹாம்லி, தாமஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1967-இல் கண்டறிந்தனர். கால் நீளம் 75 செ.மீ. எனில் இத்தூரம் ஏறத்தாழ 82 செ.மீ. ஆகும். இது முழு வலிமையுடன் மிதிப்பதற்கான அளவு. பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஓரிரு செ.மீ. குறைந்தாலும் குறையில்லை.

"இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ஓட்டக் கற்றுக்கொள்ளும் வரை அது சரியே. நன்கு பழகியவர்க்குச் சீட்டில் இருந்தபடி கால் விரல்கள் தரையைத் தொட்டால் போதும். உயர்த்தும்போதும் ஒரே நாளில் உயர்த்தாமல், நாளுக்கு அரை அங்குலமாக உயர்த்துங்கள்.

மற்ற அமைப்புகள்

சீட் தரைக்கு இணையாக மட்டமாக இருத்தல் வேண்டும். மூக்குப் பகுதி மேல்நோக்கினால் தொடையிடுக்கில் அழுத்தமும் மரத்துப்போதலும் உண்டாகும். கீழ்நோக்கினால் உடல் வழுக்கி, பாரம் முழுவதும் கைகளில் இறங்கும். ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திற்கோ அதற்குச் சற்று மேலாகவோ இருந்தால் முதுகும் மணிக்கட்டும் நோகா. முழங்கைகள் சிறிது மடங்கியிருக்கட்டும். சிறிய கைகளின் விரல்கள் பிரேக்கை எளிதில் எட்டுகின்றனவா என்றும் பாருங்கள்.

சீட் கம்பியில் ஓர் எல்லைக் கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவுக்கு ஒருபோதும் உயர்த்தாதீர்கள். கோடில்லாத பழைய கம்பியாயின் இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். கம்பி பிரேக் உள்ள வண்டியில் ஹேண்டில்பாரை உயர்த்தினால் பிரேக் கம்பிகளையும் சரிசெய்தாக வேண்டும். இதனைச் சைக்கிள் கடைக்காரரிடம் விடுவதே நலம். பெண்பிள்ளைகளின் துப்பட்டாவும் புர்காவும் சிக்காதபடி செயின் கவரும் பின்சக்கர வலையும் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

சீட்டை முற்றிலும் இறக்கியும் பிள்ளைக்குக் கால் எட்டவில்லையெனில், அந்த வண்டி அப்பிள்ளைக்கு உரியதன்று. பார் உள்ள வண்டியில் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நின்றால், பாருக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமேனும் இடைவெளி வேண்டும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை நாம் என்பது உண்மையே. அந்தத் துன்பத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

வளரும் பிள்ளைக்கு ஒரு முறை அமைத்த அளவு நிலைக்காது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துச் சரிசெய்யுங்கள். சரிசெய்த பின்னரும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு ஸ்பேனர், ஓர் அளவு நாடா, கால் மணி நேரம், இவை போதும். வருகின்ற விடுமுறை நாளில் வீட்டிலுள்ள சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். அதை ஓட்டும் பிள்ளையையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.