சைலன்சரில் உருகி ஒட்டிய உரச்சாக்கு... பெட்ரோல் பக்கம் போகாதீர்கள்!

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மூட்டை யூரியா. 45 கிலோவுக்காக வாடகை வண்டி பிடிக்க முடியுமா? பைக் சீட்டில் குறுக்கே போட்டு, ரப்பர் டியூபால் ஓர் இழுப்பு இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவதுதான் கிராமத்து வழக்கம். தார்ச்சாலை முடிந்து வண்டிப்பாதையில் இறங்கியதும் மேடு பள்ளத்தில் மூட்டை மெல்ல வலது பக்கம் சரியும். சற்று நேரத்தில் கருகல் வாடை அடிக்கும். வயலில் இறங்கிப் பார்த்தால் சாக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பாதி வழியெல்லாம் உரம் கொட்டியிருக்கும். சைலன்சரில் கறுப்பாக ஒரு கட்டி, பிசின்போல ஒட்டியிருக்கும்.

உரச்சாக்கு மட்டுமல்ல. மழைக்கோட்டு, பால் கேனைச் சுற்றிய பாலித்தீன் பை, தீவன மூட்டை, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் என்று வண்டியில் போகும் பிளாஸ்டிக் எதற்கும் இது நடக்கும். 'கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் போய்விடும்' என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார். அந்த யோசனையைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

பெட்ரோல் ஏன் கூடாது?

நெய்த உரச்சாக்கும் பாலித்தீன் பையும் பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் என்ற வகைகளைச் சேர்ந்தவை. பெட்ரோலே பிளாஸ்டிக் கேனில்தான் கடையிலிருந்து வயலுக்கு வருகிறது. அந்தக் கேன் கரைவதில்லை. அதே வகைப் பிளாஸ்டிக் சைலன்சரில் மட்டும் எப்படிக் கரையும்? பலன் இல்லை என்பதோடு, ஆபத்தும் பெரியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு படர்ந்து போகும். சற்றுத் தள்ளி ஒருவர் பீடி பற்ற வைத்தாலும், யாராவது வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பொறி விழுந்தாலும் போதும். சைலன்சர் ஆறியிருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. மண்ணெண்ணெயும் தின்னரும் இதே கதைதான்.

இளக்கி எடுப்பதே வழி

பாலித்தீன் பை ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸிலும், நெய்த சாக்கு 160 டிகிரியை ஒட்டியும் உருகும். ஓடி வந்த வண்டியின் என்ஜினை ஒட்டிய வளைவுக் குழாய் 200 டிகிரியையும் தாண்டும். ஒட்ட வைத்த அதே சூட்டை அளவாகப் பயன்படுத்தினால், பிளாஸ்டிக்கை எடுத்துவிடலாம்.

வண்டியை வீட்டுக்குள்ளோ கொட்டகையிலோ வைக்காமல், திறந்த வெளியில், வைக்கோலும் சருகும் இல்லாத தரையில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூடிய இடத்தில் என்ஜின் ஓடினால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காற்று அடிக்கும் பக்கமாக நீங்கள் நின்றால் புகை முகத்தில் வராது.

கட்டி வளைவுக் குழாயில் இருந்தால், என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டாலே போதும். பின்பக்க உருளையில் இருந்தால் சூடு ஏறத் தாமதமாகும். தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பிளாஸ்டிக் வழிந்து ஓட வேண்டாம். வெல்லப்பாகு இறுகுவதற்கு முன் இருக்கும் பதத்துக்கு இளகினால் போதும். புகை வரத் தொடங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள். கையில் தோல் உறை அல்லது தடித்த பருத்தித் துணி இருக்கட்டும். நைலான் உறை அணிந்தால் அதுவும் உருகிக் கையோடு ஒட்டும். பட்டையாகச் சீவிய மூங்கில் சிம்பால், கட்டியின் ஓரத்திலிருந்து ஒரே திசையில் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரும் கத்தியும் குரோம் பூச்சைக் கீறிவிடும். கீறிய இடத்தில் மறுமழைக்குத் துரு பிடிக்கும். பெரும்பகுதி வந்ததும், மிச்சத்தைச் சணல் சாக்குத் துண்டை மடித்து அழுத்தித் தேயுங்கள். இறுகிவிட்டால் மறுபடி சூடேற்றலாம். இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்தால்தான் முழுதாக வரும்.

அவசரத்தில் சூடான சைலன்சரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சீறி எழும் நீராவி கையையும் முகத்தையும் வேக வைத்துவிடும்.

மிஞ்சும் கறைக்கு

சைலன்சர் முழுதும் ஆறிய பிறகு, பைக்குள் போட்ட ஐஸ் கட்டியைக் கறைமேல் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, சிம்பால் நெம்பும்போது செதிலாகப் பெயரும். குரோம் பூசிய சைலன்சராக இருந்தால், சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு மங்கும். கறுப்பு வண்ணம் பூசியதாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் துணியும் மட்டும் போதும். வண்ணம் உரிந்திருந்தால், வெப்பம் தாங்கும் பெயின்ட் பூசச் சொல்லி மெக்கானிக்கிடம் விடுங்கள். சாதாரண பெயின்ட் சூட்டில் பொரிந்து உதிரும்.

உரம் சிந்திய வண்டியைச் சூடு ஆறியதும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உரம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும்.

மறுபடி ஒட்டாமல் இருக்க

பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலது பக்கம்தான். மூட்டையைக் குறுக்கே போடாமல் சீட்டில் நீளவாக்கில் வைத்து, இரண்டு இடத்தில் கட்டினால் சரியாது. ரப்பர் டியூப் இழுபட்டு நெகிழும். அதோடு ஒரு கயிறும் போடுவது நல்லது. அரைக் கிலோமீட்டர் போனதும் ஒருமுறை இறங்கிக் கட்டைச் சரிபாருங்கள். சைலன்சர்மேல் இருக்கும் தகட்டு மறைப்பு, திருகு கழன்று விழுந்து போயிருந்தால் உடனே மாட்டுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளையின் காலைக் காப்பதும் அந்தத் தகடுதான்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஓடி வந்த வண்டியை வைக்கோல்மேலோ காய்ந்த புல்லிலோ நிறுத்தாதீர்கள். சாக்கை உருக்கும் சூடு சருகையும் பற்ற வைக்கும். களத்தில் ஒரு பொறி விழுந்தால், ஒரு வருட மாட்டுத் தீவனம் சாம்பலாகிவிடும்.

வாசகர் கேள்விகள்

ஓட்ட ஓட அதுவாகவே எரிந்து போய்விடாதா?

கொஞ்சம் எரியும்; மிச்சம் கரியாகி இன்னும் இறுகும். மழைக்கோட்டு, ரெக்சின் போன்றவை பெரும்பாலும் பி.வி.சி. வகை. அவை கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், இரும்பையும் அரிக்கும். இந்த வகை ஒட்டியிருந்தால் சூடேற்றாமல், ஐஸ் முறையில் எடுப்பதே நல்லது.

நெயில் பாலிஷ் ரிமூவர் பயன்படுமா?

சாக்குக்கும் பாலித்தீனுக்கும் பயன்படாது. அதில் இருக்கும் அசிட்டோன் அந்த வகைப் பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை. பெட்ரோலைப் போலவே சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும்.

உருகிய பிளாஸ்டிக் கையில் ஒட்டிவிட்டால்?

பிடுங்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோட்டார் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவானாலும் சுத்தமாக இருந்தால் சரி. ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, மஞ்சள், பேனா மை எதையும் தடவாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பிள்ளைகள் காலில் சைலன்சர் சுட்டாலும் முதலில் செய்ய வேண்டியது இதே தண்ணீர் வைத்தியம்தான். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. காயம் பெரியதாக இருந்தால் 108-ஐ அழையுங்கள்.